ஆன்லைனில் சிவில் எம்.எஸ்.: எந்தப் பிரிவை எடுப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. கோவைப் பக்கத்தில் 2016-ல் பி.இ. சிவில் முடித்திருக்கிறார். மூன்று வருடம் அங்கேயே ஒரு டிசைன் ஆபீசில் அபார்ட்மென்ட்டுகளுக்கு பீம், காலம் கணக்குப் போட்டிருக்கிறார். கல்யாணமாகி ஹூஸ்டன் வந்து, எச்-4 விசாவில் வேலை அனுமதி கிடைத்து, ஒன்றரை வருடமாக மனைப்பிரிவுகளை வடிவமைக்கும் ஒரு சின்ன கன்சல்டன்சியில் சிவில் 3டி என்ற மென்பொருளில் டிராயிங் போடுகிறார். கைக்குழந்தை இருப்பதால் எம்.எஸ். ஆன்லைனில்தான். "ஸ்ட்ரக்சரல்தான் ஆசை. கணவரின் நண்பர்கள் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்டில்தான் காசு என்கிறார்கள். ஆபீசில் வாட்டர் ரிசோர்சஸ் எடு என்கிறார்கள். எதை எடுக்க?"

உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வதுதான் என் பதிலும். நீர்வளம் எடுங்கள். ஆனால் அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக எடுக்க வேண்டாம். அவர்களுக்கு ஆள் தேவை, அதனால் சொல்கிறார்கள். என் காரணம் வேறு.

பிரிவு எது என்று கேட்கும் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கடந்த ஒரு வருடத்தில் வேலை நடுவில் மாட்டிக்கொண்டு, "இது நமக்குத் தெரியாது" என்று யாருக்கு போன் போட்டீர்கள்? அந்த போனை எடுத்தவர் செய்யும் வேலைதான் உங்கள் பிரிவு. ஒரு நிபந்தனை உண்டு: பதில் வந்ததும் போனை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்களா, இல்லை "அது எப்படி அந்த எண் வந்தது?" என்று கேட்டீர்களா? இரண்டாவது நடந்திருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2009-ல் டெக்சாஸில் ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் இருந்தேன். பகலில் துளை போடும் லாரிக்குப் பக்கத்தில் நின்று மண் மாதிரிகளைப் பையில் கட்டுவது, இரவில் ஆன்லைன் வகுப்பு. சேர்ந்தது ஸ்ட்ரக்சரல். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் ஊரில் சிவில் என்றாலே ஸ்ட்ரக்சரல்தானே, மற்றதெல்லாம் மார்க் குறைந்தவன் எடுப்பது என்று ஒரு நினைப்பு. முதல் வருடம் மேட்ரிக்ஸ் முறை, இரும்புக் கட்டமைப்பு என்று இரண்டு பாடம் முடித்தேன். நல்ல மதிப்பெண்தான். ஆனால் பகலில் என்னைக் குடைந்த கேள்விகள் எல்லாம், இந்தச் சுவர் ஏன் வெடித்தது, பியரை, அதாவது அடித்தளத் தூணை, எத்தனை அடி ஆழம் இறக்குவது என்றே இருந்தன. இரவில் படித்தது பகலில் உதவவில்லை, பகலில் பார்த்தது இரவில் உதவவில்லை. இரண்டையும் சேர்த்து இழுக்க உடம்பில் தெம்பும் இல்லை. மண்ணையும் அடித்தளத்தையும் பற்றிய ஜியோடெக்குக்கு மாறினேன். முடித்த இரண்டு பாடங்களும் விருப்பப் பாடங்களாகக் கணக்கில் சேர்ந்ததால் பணம் வீணாகவில்லை.

முழுநேர மாணவருக்கு இது பெரிய விஷயமில்லை. அவர் பகலெல்லாம் கல்லூரியிலேயே இருப்பார். வேலை பார்த்துக்கொண்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி 9:30-க்கு லேப்டாப்பைத் திறப்பவருக்கு, அன்றைய வேலையே பாடத்துக்கு உதாரணமாக இருந்தால்தான் மூன்று வருடம் தாக்குப்பிடிக்க முடியும். பெரும்பாலான எம்.எஸ். 30 கிரெடிட், அதாவது பத்து பாடம். செமஸ்டருக்கு ஒன்று அல்லது இரண்டு என்று போனால் இரண்டரையிலிருந்து ஐந்து வருடம் ஆகும்.

அடுத்து லைசென்ஸ். இங்கே பி.ஈ. என்றால் புரொஃபஷனல் எஞ்சினியர். நம் ஊர் பி.இ. இல்லை. முதல் வருடம் இதைச் சொல்லி என்னையே நாலு பேர் குழப்பினார்கள். சிவில் பி.ஈ. தேர்வில் ஐந்து பிரிவுகள்: ஸ்ட்ரக்சரல், ஜியோடெக்னிக்கல், போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும், கட்டுமானம். முன்பெல்லாம் காலையில் எல்லோருக்கும் பொதுவான தாள், பிற்பகலில் அவரவர் பிரிவு. 2024 ஏப்ரலிலிருந்து பொதுத்தாள் போய்விட்டது. 80 கேள்வியும் எடுத்த பிரிவைச் சுற்றியே வரும். அதனால் இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிரிவு, நாளைக்கு எழுதும் தேர்வின் பாடத்திட்டமும்கூட. இரண்டும் ஒன்றாக இருந்தால் படித்ததையே மறுபடி புரட்டினால் போதும்.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினர் ஆனது உண்மை. ஆனால் அந்த அங்கீகாரம், இந்தியாவில் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்.பி.ஏ.வின் முதல் அடுக்கில் வரும் படிப்புகளுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. உங்கள் கல்லூரி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் இங்கே பட்டத்தை மதிப்பீடு செய்யச் சொல்வார்கள். அந்தக் குறையை அமெரிக்க எம்.எஸ். எவ்வளவு தூரம் ஈடு செய்யும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எனவே சேருவதற்கு முன் டெக்சாஸ் லைசென்ஸ் வாரியத்தின் விதியை நீங்களே ஒருமுறை படியுங்கள். நண்பர் சொன்னது, நான் சொன்னது எதுவும் அதற்கு மாற்றாகாது.

சரி, ஸ்ட்ரக்சரல் ஆசைக்கு வருவோம். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. கணக்கு, கோட்பாடு, மென்பொருள் என்றே ஓடும் பாடம் என்பதால் ஆன்லைனில் நன்றாகவே படிக்கலாம். ஆனால் கோவையில் போட்ட மூன்று வருட டிசைன் இங்கே எவ்வளவு செல்லும் என்று யோசியுங்கள். அங்கே கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456, செங்கல் சுவர் நிரப்பிய கான்கிரீட் சட்டகம். இங்கே வீடு என்றால் பெரும்பாலும் மரச்சட்டம். ஹூஸ்டனில் கிடங்குகள் பல, தரையிலேயே வார்த்துத் தூக்கி நிறுத்தும் கான்கிரீட் சுவர்கள். விதிநூல்களும் வேறு: கான்கிரீட்டுக்கு ஏ.சி.ஐ. 318, இரும்புக்கு ஏ.ஐ.எஸ்.சி. 360, சுமைகளுக்கு ஏ.எஸ்.சி.இ. 7, மரத்துக்குத் தனி விதி. கிலோநியூட்டனை மறந்து கிப்பில், அதாவது ஆயிரம் பவுண்டு கணக்கில், யோசிக்க வேண்டும். மர வடிவமைப்பு நம்மில் பெரும்பாலோர் பி.இ.யில் தொட்டே பார்த்திராத பாடம். டெக்சாஸில் தனி ஸ்ட்ரக்சரல் லைசென்ஸ் கிடையாது, பி.ஈ. போதும். நாளைக்குக் கணவருக்கு சிகாகோவுக்கு மாற்றல் வந்தால் கதை வேறு. இல்லினாயில் ஸ்ட்ரக்சரலுக்குத் தனி லைசென்ஸ், அதற்கான எஸ்.இ. தேர்வு மொத்தம் இருபது மணி நேரத்துக்கும் மேல்.

இதெல்லாம் பயமுறுத்துவதற்காக இல்லை. கட்டடம் வரையும் ஆபீசுக்கு வேலை மாற நீங்கள் தயார் என்றால், மாறிவிட்டு ஸ்ட்ரக்சரல் சேருங்கள். இப்போதைய வேலையில் இருந்துகொண்டே ஸ்ட்ரக்சரல் எம்.எஸ். முடித்தால், 2016-ல் பட்டம், 2019-ல் விட்ட டிசைன் வேலை, கையில் புது எம்.எஸ்., அமெரிக்க ஸ்ட்ரக்சரல் அனுபவம் பூஜ்யம் என்று ரெஸ்யூமே நிற்கும். நேர்காணலில் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ரெஸ்யூமேயைப் புதிதாகப் படித்து வெளியே வந்தவர்களின் கட்டில்தான் வைப்போம்.

இப்போது நீர்வளம். நீங்கள் இருக்கும் ஊர் ஹூஸ்டன் என்பதே பாதி பதில். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்சாஸில் கரை கடந்து, நகராமல் நின்று கொட்டியது. நெடர்லாந்து என்ற சிற்றூரில் மொத்தம் 60.58 அங்குலம் பதிவானது, ஒன்றரை மீட்டர் மழை. ஹூஸ்டனின் மேற்கே 1940-களில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் நிரம்பி, அவற்றின் பின்பக்கத்துக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. வழக்கமாக வறண்டு கிடக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஓரத்திலேயே மனை போட்டு வீடு கட்டியிருந்தார்கள். பள்ளிக்கரணையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 2018-ல் தேசிய வானிலை அமைப்பு டெக்சாஸுக்கான மழை அட்டவணையைத் திருத்தி வெளியிட்டது. பெயர் அட்லஸ் 14. ஹூஸ்டன் வட்டாரத்தில் "நூறாண்டு மழை" என்று வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் 24 மணி நேர அளவு 13 அங்குலத்திலிருந்து சுமார் 18 அங்குலமாக ஏறியது. 18 அங்குலம் என்றால் 46 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49. நூறாண்டு மழை என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று பொருள் இல்லை, எந்த ஒரு வருடத்திலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. வாடிக்கையாளருக்கு இந்த ஒரு கணக்கைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே ஆபீசில் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க ஆரம்பிப்பார்கள்.

அட்டவணை மாறியதும் பழைய குழாய் அளவு, குளத்தின் கொள்ளளவு, தரைமட்டம் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியதானது. நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) வடிகால் விதிகளை இறுக்கின. ஹார்வியின் முதலாம் ஆண்டு நினைவு நாளான 2018 ஆகஸ்ட் 25 அன்று ஹாரிஸ் கவுண்டி மக்கள் வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். இன்று நீங்கள் வரையும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் ஒரு டிடென்ஷன் குளம் இருக்கும். மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக வெளியே விடும் குளம். அதன் உருவத்தை நீங்கள் வரைகிறீர்கள். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ கணக்கிட்டு ஒரு தாளில் தருகிறார்கள். நீங்கள் போன் போட்ட ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தத் தாளை நீங்களே தயாரிக்க முடிந்தால் இதே ஆபீசில் நீங்கள் வேறு ஆள்.

ஆன்லைனுக்கு நீர்வளம் பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் துறையின் முக்கியக் கருவிகள் இலவசம். ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்க்க ஹெக்-ராஸ், மழை எவ்வளவு ஓட்டமாக மாறும் என்று பார்க்க ஹெக்-எச்.எம்.எஸ்., இரண்டும் ராணுவப் பொறியாளர் படையின் டேவிஸ் மையம் வெளியிடுபவை. நகர வடிகாலுக்கு ஸ்வம், குடிநீர்க் குழாய்களுக்கு இபாநெட், இவை சுற்றுச்சூழல் முகமையுடையவை. ஆபீஸ்கள் நிஜமாகவே பயன்படுத்தும் அதே மென்பொருள் உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஒரு பைசா செலவில்லாமல் ஓடும். அலகும் அந்நியம் இல்லை. மேட்டூரிலிருந்து இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு என்று சின்ன வயதிலிருந்து பேப்பரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் ஓட்டத்தை விநாடிக்கு இத்தனை கனஅடி என்றுதான் சொல்கிறார்கள்.

ஜியோடெக் என் சொந்தத் துறை, அதனால் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். ஹூஸ்டன் மண் பெரும்பாலும் ஊதிச் சுருங்கும் களிமண். நம் கரிசல் மண்ணின் குணம்தான். மழையில் வீங்கும், கோடையில் வெடிக்கும். கரிசலுக்காக ரூர்க்கியின் கட்டட ஆராய்ச்சி நிறுவனமான சி.பி.ஆர்.ஐ. வளர்த்தெடுத்த அண்டர்ரீம் பைல் படித்திருப்பீர்கள். அடியில் மணி மாதிரி அகலும் அதே வகை அடித்தளத்தை இங்கேயும் நிறையப் போடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணைக் கையில் பிசைந்து பார்க்காமல், டிரையாக்ஸியல் சோதனையில் மாதிரி உடைவதைக் கண்ணால் பார்க்காமல் இதைப் படிப்பது, சமைக்காமலே சமையல் குறிப்பு மனப்பாடம் செய்வது போல. எனக்குப் பகல் வேலையே சோதனைக்கூடமாக இருந்தது. உங்களுக்கு அது இல்லை. நீர்வளத்தில் சேர்ந்தாலும் அணை, கரை பற்றிய மண்பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக எடுங்கள், குளத்தின் கரை சரிந்தால் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை.

போக்குவரத்து நல்ல துறை. அரசு வேலையில் நிதானமான வாழ்க்கை வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தும். உங்கள் கேள்வியில் அது இல்லை, விட்டுவிடுகிறேன்.

கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்டில் காசு இருப்பது உண்மை. ஆனால் அந்தக் காசு பட்டத்துக்குக் கொடுப்பதில்லை. காலை ஆறரைக்கு சைட்டில் நின்று, கான்கிரீட் லாரி வராத நாளில் நாற்பது பேரை வேறு வேலைக்குத் திருப்பி, துணை ஒப்பந்ததாரரோடு சண்டை போட்டு, மறுநாள் அவரோடு சேர்ந்து காபி குடித்துப் பழகிய வருடங்களுக்குக் கொடுப்பது. ஏற்கெனவே ஏழெட்டு வருடம் சைட்டில் இருந்தவர் இந்தப் பட்டம் எடுத்தால் அது அவருக்கு ஏணி. டிராயிங் மேசையில் இருப்பவர் எடுத்தால், சைட்டுக்குப் போய் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைக்குழந்தையோடு அந்த நேரங்கள் சாத்தியமா என்பதை உங்கள் வீட்டில் நீங்கள்தான் பேச வேண்டும், கணவரின் நண்பர்கள் அல்ல. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சில பல்கலைக்கழகங்களில் இது சிவில் துறைக்குள் ஒரு பிரிவு. சிலவற்றில் கட்டடக்கலைப் பள்ளியிலோ வணிகப் பள்ளியிலோ தனிப் பட்டம். இரண்டாவது வகையை லைசென்ஸ் வாரியம் பொறியியல் பட்டமாக ஏற்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பல்கலைக்கழகத்தைத் தேடும்போது பிரிவின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இல்லினாய் அர்பானா-சாம்பெய்ன், கொலம்பியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வெர்மாண்டில் இருக்கும் நார்விச் எல்லாம் ஆன்லைனில் சிவில் மாஸ்டர்ஸ் நடத்துகின்றன. ஒவ்வொன்றும் பிரிவை ஒவ்வொரு விதமாக வெட்டி வைத்திருக்கிறது. பட்டச் சான்றிதழில் பல இடங்களில் "சிவில் எஞ்சினியரிங்" என்று மட்டும்தான் இருக்கும், பிரிவு மதிப்பெண் பட்டியலோடு சரி. அதனால் பெயரைவிடப் பாடங்களின் பட்டியல் முக்கியம். திறந்த கால்வாய் ஓட்டம், நீரியல், நகர வடிகால், நிலத்தடி நீர், இவற்றில் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். "நிலைத்த வளர்ச்சி", "ஸ்மார்ட் நகரம்" என்று தலைப்பு மட்டும் பளபளத்து உள்ளே கணக்கே இல்லாத பாடங்கள் பத்தில் நாலு இருந்தால் அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போங்கள்.

அப்புறம், பட்டியலில் இருக்கும் பாடம் எப்போது நடக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆன்லைனில் இருபது பாடம் காட்டுவார்கள், அதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்பது பாடம் முடித்துவிட்டு, பத்தாவதுக்காக ஒரு வருடம் சும்மா காத்திருந்தார்.

இவ்வளவுக்கும் பிறகும் மனது ஸ்ட்ரக்சரல் பக்கமே இழுக்கிறதா? டாலர் செலவழிக்காமல் சோதித்துப் பாருங்கள். என்.பி.டெல்-லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் 12 வாரப் பாடங்கள் இலவசம். ஸ்ட்ரக்சரல் டைனமிக்ஸ் ஒன்று, நீரியல் ஒன்று என இரண்டிலும் பதிவு செய்து, வாரக் கணக்குகளை நேர்மையாகப் போடுங்கள். ஆறாவது வாரத்தில் எந்தப் பாடத்தின் வீட்டுக்கணக்கு பாக்கி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் பட்டத்தில் சேராமலே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, பிறகு சேர்ந்தால் அந்தக் கிரெடிட்டைக் கணக்கில் கொள்ளும் வழியும் உண்டு.

இதைப் படிக்கும் சென்னை, திருச்சி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது அமெரிக்காவுக்கு. இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் பொறியியலை ஆன்லைனிலோ தொலைதூரக் கல்வியிலோ நடத்த யு.ஜி.சி.யின் 2020 விதிகள் அனுமதிப்பதில்லை. அஞ்சல் வழியில் வாங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் எத்தனையோ பேரின் பதவி உயர்வு அந்தரத்தில் தொங்கியது. ஐ.ஐ.டி.கள் தங்கள் தனிச் சட்டத்தின் கீழ் நடத்தும் படிப்புகள் வேறு வகை. அரசு வேலை, விரிவுரையாளர் பணி என்று யோசித்தால் கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் பகுதிநேர எம்.இ.க்கு முயல்வதே பாதுகாப்பு. இன்னொன்று, ஊரிலிருந்தபடி அமெரிக்க ஆன்லைன் எம்.எஸ். முடித்தால் மாணவர் விசாவும் படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. வேலை அனுமதியும் கிடைக்காது. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகக் கட்டணம். படிப்புக்காக முதலாளி தரும் பணத்தில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. ஆபீசே "வாட்டர் எடு" என்று சொல்வதால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பாடத்துக்கு எவ்வளவு, என்ன கிரேடு வாங்க வேண்டும், முடித்த பிறகு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். இந்தக் கடைசி வரி பெரும்பாலும் தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கணவரின் விசா நிலவரத்தையும் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.